தொப்பிக்குள் வால் கொழுப்பு

அப்பாவின் நெற்றியில் வழிந்தது வியர்வை இல்லை. வியர்வை அவ்வளவு மெதுவாக வழியாது. அவ்வளவு மினுமினுக்காது. முக்கியமாக, வியர்வையில் ஆட்டு வாசனை வராது.

ஜூலை மாதம். எங்கள் ஊர் மர்கிலானில் நிழலுக்கே நாற்பது டிகிரி. முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்பா, அம்மா, நான். அப்பா வீட்டுக்குள் நுழைந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. வழக்கமாக வந்த வேகத்தில் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்வார். அன்றைக்குக் கழற்றவில்லை.

"தொப்பியக் கழட்டுங்க," என்றாள் அம்மா.

"இருக்கட்டும். வெயிலு."

"இங்க நிழலு."

"நிழல்லயும் வெயில் இருக்கு."

ஒரு சொட்டு அவர் மூக்கு நுனி வரைக்கும் வந்தது. நின்றது. யோசித்தது. அப்புறம் டீக் கிண்ணத்துக்குள் குதித்தது. பச்சை டீயின் மேல் ஒரு பொன் வட்டம் மிதந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

அம்மா எழுந்து வந்து தொப்பியைத் தூக்கினாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை, வாய் அவிழ்ந்த நிலையில். அதற்குள் என் முஷ்டி அளவுக்குச் செம்மறி வால் கொழுப்பு, பாதி உருகி, பாதி மானம் காத்து.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று அதிர்ச்சியோடு ஒருவர் கேட்டார். கேட்டது அப்பா.

நான் ஓய்தின். பதினெட்டு வயது. இந்த வருடம் பள்ளி முடித்தேன், பல்கலைக்கழகத் தேர்வில் தேறவில்லை, அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை. பொய் சொல்ல எனக்குச் சோம்பல். சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ள இன்னும் சோம்பல். அதனால் கேட்டால் சொல்லிவிடுவேன், கேட்காதவரை வாயைத் திறக்க மாட்டேன். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

தொப்பி விவகாரத்துக்கு இரண்டு வாரம் முன்பு அம்மா அப்பாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். மாடிப்படி ஏறும்போது அப்பா ரயில் எஞ்சின் மாதிரி மூச்சு விடுகிறார் என்பது அம்மாவின் புகார். எல்லா ஆம்பளையும் அப்படித்தான் விடுவான் என்பது அப்பாவின் கட்சி. நானும் கூடப் போனேன். டாக்டர் முனோஜாத் பேனாவைத் திறந்தார்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"ரொட்டி. கொஞ்சம் பாலாடை."

"கொஞ்சம்னா?"

"ஒரு கிண்ணம். சின்னக் கிண்ணம்."

அம்மா இரண்டு கைகளாலும் கிண்ணத்தின் அளவைக் காட்டினாள். அதில் ஒரு பூனைக்குட்டி குளிக்கலாம்.

"மத்தியானம்?"

"வேன் ஓட்டறவனுக்கு ஏது மத்தியானம்? ஸ்டாண்டுல ரெண்டு சம்சா."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

"நாலு," என்றேன். "கொழுப்பு வெச்சது."

டாக்டர் மறுபடி அப்பா பக்கம் திரும்பினார். "உங்க அப்பா எத்தன வயசுல போனாரு?"

"அம்பத்தி மூணு," என்றார் அப்பா.

"கூடப் பொறந்தவங்க?"

"பெரிய அண்ணன் அம்பத்தி நாலு. சின்ன அண்ணன் அம்பத்தி ரெண்டு."

"எல்லாருக்கும் நெஞ்சா?"

"எங்க குடும்பத்து விதி அது டாக்டர்."

"விதி இல்ல, வாலு," என்றாள் அம்மா.

"உங்களுக்கு இப்ப என்ன வயசு?"

அப்பா கூரையைப் பார்த்தார். "அக்டோபர்ல அம்பத்தி ரெண்டு."

டாக்டர் பேனாவை மூடினார். அப்புறம் சொன்னார். "குடும்ப வாகுன்னு ஒண்ணு உண்டு. அத என்னால மாத்த முடியாது. தட்டை மாத்தலாம்."

"வாரத்துல ஒரு நாள் புலாவ், டாக்டர். வியாழக்கிழமை, கூட்டாளிங்களோட. ஒரு தட்டு புலாவ் ஆளைக் கொன்னுடுமா?"

"ஒரு தட்டு கொல்லாது. முப்பது வருஷத் தட்டு கொல்லும்."

வீட்டுக்கு வரும் வழியில் நான் கணக்குப் போட்டேன். தேர்வில் கணக்கில்தான் கொஞ்சம் மார்க். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வியாழக்கிழமை. முப்பது வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. தட்டுக்கு நூறு கிராம் வால் கொழுப்பு என்று வைத்தாலும் நூற்றைம்பத்தாறு கிலோ. அப்பாவின் எடை தொண்ணூற்று நாலு. அம்மாவின் எடை அறுபத்திரண்டு. கூட்டிப் பாருங்கள். வியாழக்கிழமைகளில் மட்டும் அப்பா தன்னையும் தின்று அம்மாவையும் தின்றிருக்கிறார்.

இதைச் சத்தமாகச் சொன்னேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்பா பெயர் துர்சுன். அண்ணன்களுக்குப் பிறகு, அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை, இதுவாவது 'இருக்கட்டும்' என்று வைத்த பெயர். அம்மா அந்தப் பெயரை வாயால் சொல்வது கிடையாது. "ஓய்தினப்பா" என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று கிணற்றடியில் தனியாகப் பாத்திரம் கழுவும்போது அந்தப் பெயரைத் திட்டுகிற மாதிரி நாலு தடவை சொன்னதைக் கேட்டேன். நான் கேட்டேனா என்று அவள் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

இனி தொப்பிக்கு வருவோம். அம்மா கொழுப்பைத் தெரு நாய்க்குப் போட்டாள். நாய்க்கு நெஞ்சு வலி வராதா என்று அப்பா கேட்டார். அதற்கு வாரா வாரம் கூட்டாளிகள் கிடையாது என்றாள் அம்மா. பிறகு ஒரு முழு ரொட்டியைக் கொண்டுவந்து விரிப்பின் நடுவில் வைத்தாள்.

"கை வைங்க."

அப்பாவின் முகம் மாறியது. அப்பா எந்த வாக்கை வேண்டுமானாலும் காற்றில் பறக்க விடுவார். ரொட்டி மேல் செய்த சத்தியத்தை மீற மாட்டார். எங்கள் தெருவில் யாரும் மீற மாட்டார்கள்.

"இந்த ரொட்டி மேல சத்தியமா," என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். கண்ணை மூடினார். மூன்று வினாடி. "இந்த ரொட்டி மேல சத்தியமா, இந்த வீட்டுல இனிமே நான் வால் கொழுப்பைத் தொட மாட்டேன்."

அந்த மூன்று வினாடியில் அவர் எதைச் செருகினார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. 'இந்த வீட்டுல'. சத்தியத்தில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு வெளியே, கால்வாய்க்கரையில், வியாழக்கிழமைக் கூட்டாளிகள் கூடும் டீக்கடை.

அம்மா ரொட்டியை எடுத்து நெற்றியில் தொட்டு வைத்தாள். "சரி. இந்த வீட்டுல," என்றாள். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. வெயிலில் எனக்கு அப்படித் தெரிந்திருக்கலாம்.

மறுநாள் அப்பா என்னை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"டாக்டர் தெனமும் எட்டாயிரம் அடி நடக்கச் சொன்னாங்கள்ல?"

"ஆமா."

"போன்லயே எண்ணுதாமே?"

"ஆமா."

"போன் யாரு கையில இருக்குன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்ல போனு," என்றார் அப்பா. "வியாழக்கிழமை சாயங்காலம் நீ நடக்கற. நான் நடந்ததா வெச்சுக்கறோம்."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"உன்னைப் பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு இந்த வருஷம் நம்ம வீட்டுல டீ கிடையாதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடறேன்."

இதை விட நல்ல பேரம் எனக்கு வாழ்க்கையில் கிடைக்காது. ஒத்துக்கொண்டேன்.

அப்படியாக, வியாழக்கிழமைகளில் நான் அப்பாவின் போனைப் பையில் போட்டுக்கொண்டு கால்வாயின் இந்தக் கரையில் நடப்பேன். அந்தக் கரையில், சினார் மரத்துக்குக் கீழே, அப்பா பெரிய கடாய் முன்னால் நிற்பார். எட்டுப் பேர். எல்லோரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். முப்பது வருடமாக ஒரே கடாய், ஒரே சமையல்காரர், அப்பா. முதலில் வால் கொழுப்பு உருகும். முறுகிய துண்டுகளை உப்பும் பச்சை வெங்காயமும் வைத்து நின்றுகொண்டே தின்பார்கள். அந்த வாசனை தண்ணீரைத் தாண்டி வரும். எனக்கே நாக்கு ஊறும். பொய் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா போனைப் பார்ப்பாள். "ஒம்பதாயிரத்து நூறு! பரவால்லியே!"

"காலு விட்டுப் போச்சு," என்பார் அப்பா, முழங்காலைத் தடவிக்கொண்டே.

விட்டுப் போனது என் கால். என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வியாழக்கிழமை நடந்து முடித்துப் பாலத்தைத் தாண்டிப் போனேன், போனைத் திருப்பிக் கொடுக்க. டீக்கடையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அங்கே இல்லை. கொஞ்சம் தள்ளி, கால்வாய்ப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் மறு தோளைப் பிடித்திருந்தார். முகம் அடுப்புச் சாம்பல் மாதிரி.

"அப்பா?"

"ஒண்ணுமில்ல. புழுக்கம்."

"எழுந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

"ஒரு நிமிஷம்." எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "ரெண்டு நிமிஷம்."

அப்போது என் கையில் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் கலர் கலராகக் காகிதம் பறந்தது. 'வாழ்த்துகள் துர்சுன்! இன்று ஒன்பதாயிரம் அடி நடந்துவிட்டீர்கள்!'

எனக்குக் கால்வாயில் அதைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. ஒன்பதாயிரம் அடி நடந்த மனிதரால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. கால் மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்ல முகத்தில் நிறம் வந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத."

"கேட்டா சொல்லுவேன்."

"அவ கேக்க மாட்டா."

உண்மைதான். அன்றைக்கு அம்மா என்னைக் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. போனைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார். "இது கதவைத் தட்டின சத்தம். அடுத்த தடவை தட்டாம உள்ள வந்துடும்," என்றார். அப்பா தலையை ஆட்டினார். ஆட்டிய தலை வியாழக்கிழமை நெருங்க நெருங்க நின்றுவிட்டது.

"நான் சமைக்க மட்டும் போறேன். ஒரு வாய் திங்க மாட்டேன்," என்றார் புதன்கிழமை.

"போக வேணாம்," என்றாள் அம்மா.

"மஸ்தூரா, முப்பது வருஷக் கூட்டு அது. நான் போகலன்னா அடுப்பு எரியாது."

"எரியும். அவங்க இங்க வர்றாங்க. எர்காஷ் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். ஏழு பேரும் வர்றோம்னுட்டாங்க."

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். விருந்தாளியை வராதே என்று சொல்கிற வாய் எங்கள் ஊரில் யாருக்கும் வைக்கப்படவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் முற்றம் நிறைந்தது. அம்மா தண்ணீர் தெளித்து, மெத்தை போட்டு, முலாம்பழம் அறுத்து வைத்திருந்தாள். அப்பாவின் கூட்டாளி எர்காஷ் மாமா கசாப்புக் கடையிலிருந்து நேராக வந்தார். காகிதத்தைப் பிரித்து ஒரு கிலோ வால் கொழுப்பைப் பலகை மேல் வைத்தார். வெள்ளை வெளேரென்று, புது மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்பாவின் கை தானாக நீண்டது.

"ஓய்தினப்பா," என்றாள் அம்மா, டீ ஊற்றிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல். "இப்ப எந்த வீட்டுல நிக்கறீங்க?"

கை அந்தரத்தில் நின்றது.

"என்னடா?" என்றார் எர்காஷ் மாமா.

"ரொட்டி மேல சத்தியம் பண்ணிருக்காரு அண்ணே," என்றாள் அம்மா. "இந்த வீட்டுல வால் கொழுப்பைத் தொட மாட்டேன்னு. அவரே யோசிச்சு, அவரே சொன்னது. 'இந்த வீட்டுல'ன்னு அழுத்திச் சொன்னாரு."

ஏழு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். ரொட்டிச் சத்தியத்தை உடைக்கச் சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. எர்காஷ் மாமாதான் வழி கண்டுபிடித்தார்.

"அவன்தானே தொடக் கூடாது? நான் தொடறேன்!" கத்தியை எடுத்தார்.

"தாராளமா வெட்டுங்க. கடாயில போடுங்க. ஆனா அப்புறம் கரண்டி யாரு பிடிக்கறது? கரண்டியால தொட்டாலும் தொட்டதுதானே? நீங்களே சமைச்சிடறீங்களா அண்ணே?"

எர்காஷ் மாமா பதினோரு வருடம் முன்பு ஒரு தடவை புலாவ் சமைத்திருக்கிறார். அன்றைய சோற்றை முகர்ந்து பார்த்த டீக்கடைப் பூனை அன்றே வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது.

"எர்காஷு," என்றார் கோசிம் மாமா மெதுவாக, "கத்தியக் கீழ வைடா."

வைத்தார். அப்பா இல்லாமல் புலாவ் இல்லை. அப்பா இருந்தால் கொழுப்பு இல்லை. அம்மா அரைக் கரண்டி பருத்திக்கொட்டை எண்ணெயை அளந்து அப்பா கையில் கொடுத்தாள். அப்பா அதை, எரிந்துபோன வீட்டின் சாம்பலைப் பார்ப்பது போல் பார்த்தார் என்று எழுத ஆசைதான். உண்மையில் வேன் டயர் பஞ்சரானால் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார். ஆனால் கடாய் சூடானதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கேரட்டை இரண்டு மடங்கு போட்டார். பொறுமையாக, அடுப்பை விட்டு நகராமல் வதக்கினார். கொண்டைக்கடலை, முழுப் பூண்டு, சீரகம். கொழுப்பில்லாத மாட்டுக் கறி கையளவு.

தட்டுகள் வந்தன. எட்டுப் பேரும் சாப்பிட்டார்கள்.

"உப்பு கொஞ்சம்…" என்றார் கோசிம் மாமா.

"அதையும் கொறச்சாச்சு அண்ணே."

"நல்லாத்தான் இருக்கு," என்றார் எர்காஷ் மாமா. "சோறு உதிரி உதிரியா இருக்கு. ஆனாலும் இதுல ஏதோ ஒண்ணு கொறையுது."

"நெஞ்சு வலி," என்றாள் அம்மா.

மென்று கொண்டிருந்த வாய்கள் நின்றன. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது கோசிம் மாமா சட்டைப் பையில் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து விரிப்பின் மேல் வைத்தார். "எனக்குப் போன வருஷத்துலேருந்து," என்றார். எர்காஷ் மாமா அதைப் பார்த்தார். தன் பையிலிருந்து அதே அட்டையை எடுத்தார். இன்னொருவர். இன்னொருவர். அப்பாவுடையதையும் சேர்த்து ஐந்து அட்டைகள். முப்பது வருடமாக ஒரே கடாயில் தின்றவர்கள் ஒரே மாத்திரையை ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் தின்றிருக்கிறார்கள்.

"நீயுமாடா?"

"நீ ஏண்டா சொல்லல?"

"சொன்னா எனக்கு மட்டும் கொழுப்பில்லாம போடுவான் இவன்!"

சிரித்தார்கள். இருமும் அளவுக்குச் சிரித்தார்கள். அப்புறம் தட்டைக் காலி செய்தார்கள்.

கிளம்பும்போது அம்மா சொன்னாள். "அடுத்த வாரமும் இங்கதான். அதுக்கடுத்த வாரமும். டீக்கடையில இந்த நெழலும் முலாம்பழமும் கெடைக்குமா அண்ணே?" கிடைக்காது என்று ஏழு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

"எப்பவும் இந்த வீட்டுலயா?" என்றார் அப்பா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இந்த வீட்டுல," என்றாள் அம்மா.

தப்பித்துப் போக அவர் வைத்த ஓட்டை. அது வழியாகவே அம்மா அவரை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு ஒரு ரொட்டியை எடுத்து வந்தாள். மறுபடி சத்தியமா என்று அப்பா பயந்தார்.

"ஒரு வாய் கடிங்க."

எங்கள் ஊரில் பையன் பட்டாளத்துக்குப் போனால், தூர தேசத்துக்கு வேலைக்குப் போனால், ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மீதி சுவரில் தொங்கும். அவன் வந்துதான் அதைத் தின்று முடிக்க வேண்டும்.

"நான் எங்க போறேன்?" என்றார் அப்பா.

"எழுபத்தஞ்சு வயசுக்கு. மீதிய அங்க வந்து தின்னுங்க. நான் எடுத்துட்டு வரேன்."

அப்பா கடித்தார். ஒரு வாய் ரொட்டியை இவ்வளவு நேரம் மென்ற மனிதரை நான் பார்த்ததில்லை. அம்மா மீதியை ஆணியில் மாட்டினாள். இருவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அக்டோபர் வந்தது. அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு முடிந்தது. இப்போது போனை அவரே தூக்கிக்கொண்டு நடக்கிறார். மறு பரிசோதனைக்கு அவரோடு நான்தான் போனேன், ஏனென்றால் அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க யாரோ வந்திருந்தார்கள். அவர்களுக்கு அம்மா டீ கொடுத்தாள். அப்பா எனக்குக் கொடுத்த வாக்கில் ரொட்டி எதுவும் சம்பந்தப்படவில்லை.

எடை எண்பத்தெட்டு. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. டாக்டர் முனோஜாத் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். மாத்திரையை விடாதீர்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது வியாழக்கிழமைக் கூட்டம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"ஆறு கிலோ!" என்றார். "ஆறு! இதுக்கெல்லாம் மன உறுதி வேணும்டா. வால் கொழுப்பு கண்ணு முன்னால இருந்தாலும் நான் திரும்பிப் பாக்கறதில்ல. மஸ்தூரா, டீ எங்க?"

அம்மா டீயோடு வந்தாள். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்லுவாங்க? எல்லாம் சரியாருக்குன்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அம்மா கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ஓய்தின், வேற என்ன சொன்னாங்க?"

கேட்டுவிட்டாள். அப்பா தொப்பியைச் சரி செய்தார். ஏழு மாமாக்களும் என்னைப் பார்த்தார்கள்.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சதும், டீ கேக்கறதுக்கு முன்னாடி, உங்க வீட்டம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லுங்கன்னாங்க."